குன்னூர்த் தேயிலையும் கோடைக் குவளையும்

சித்திரை வெயில் சமவெளியைச் சுட்டெரிக்கும் நாள்களில் மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயிலில் புறப்படுவோர், கல்லாற்றின் பாக்குத் தோப்புகளைக் கடந்ததுமே காற்றின் போக்கு மாறுவதை உணர்வர். அங்கிருந்து பற்சக்கரம் தண்டவாளத்தைப் பற்றிக்கொள்ள, வண்டி மூச்சு வாங்கியபடியே ஏறுகிறது. குன்னூர் வரையிலான இப்பாதை 1899ஆம் ஆண்டிலும், உதகை வரையிலான பகுதி 1908இலும் திறக்கப்பட்டன. கடல்மட்டத்திற்குச் சுமார் 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கும் குன்னூரை அடைந்து சுற்றிலும் நோக்கினால், சரிவுகளெல்லாம் பச்சைக் கம்பளம் விரித்தாற்போல் தேயிலைச் செடிகள்!

இச்செடி இம்மலைக்கு உரியதன்று. 1830களில் கேத்தியில் சோதனையாக நடப்பட்டு, 1860களில் தோட்டப் பயிராக வேரூன்றியது. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை ஆகிய இரண்டின் பயனும் இம்மலைக்குக் கிடைப்பதால், ஆண்டு முழுவதும் இங்குக் கொழுந்து கிள்ளப்படுகிறது. மார்கழி, தை மாதக் குளிரில் செடி மெல்ல வளரும்போது கிடைக்கும் இலைக்குத் தனி மணம் உண்டு என்பர்.

நீலகிரித் தேயிலைக்கு மற்றோர் அரிய பண்பும் உண்டு. அதைப் பால் கலந்து பருகும் நம்மவரில் பலர் அறிந்திருக்க நியாயமில்லை. பொதுவாக, கடுமையாக இறக்கிய தேநீரைக் குளிர வைத்தால் அது கலங்கிவிடும். சூட்டில் தனித்தனியே கரைந்திருந்த காஃபீனும் தேயிலையின் சாயப் பொருள்களும் குளிரில் ஒன்றோடொன்று இணைந்து, மங்கலான திரையாகப் படிவதே இதற்குக் காரணம். நல்ல நீலகிரி இலையோ குளிர்ந்த பின்னும் தேன்நிறம் மாறாது, பெரும்பாலும் தெளிவாகவே நிற்கும். குளிர்தேநீர் தயாரிப்போர் அயல்நாடுகளிலும் இதைத் தேடி வாங்குவதற்கு இதுவே காரணம்.

குளிர்தேநீர் என்றவுடன் அது நேற்று வந்த நாகரிகம் என்று எண்ணிவிட வேண்டா. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்துச் சமையல் நூலொன்று 1879லேயே அதன் செய்முறையைத் தந்துள்ளது. 1904இல் செயின்ட் லூயிஸ் நகரில் நடந்த உலகக் கண்காட்சியில் அதன் புகழ் மேலும் பரவிற்று. அங்கே இந்தியத் தேயிலையை அறிமுகம் செய்ய வந்திருந்தவர், கடும் வெயிலில் சூடான தேநீரைச் சீண்டுவாரின்றி, பனிக்கட்டியிட்டு வழங்கினார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. அவர் புதிதாகக் கண்டுபிடித்தது ஒன்றுமில்லை. ஆயினும், அந்தக் கோடைத் தாகத்தைத் தணித்ததில் நம் நாட்டு இலைக்கும் பங்கு உண்டு.

ஆனால், இந்த இலையைக் கிள்ளும் கரங்களை யார் நினைக்கிறார்கள்? கோத்தகிரிப் பக்கத்து லயம் ஒன்றில் மூதாட்டி ஒருவரைச் சந்தித்தேன். இலங்கையின் மலையகத்தில் பிறந்தவர். சிறுமியாய் இருந்தபோது தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரம் வந்து, மண்டபம் முகாமில் தங்கிப் பின் மலையேறியவர். 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி இந்தியா ஏற்றுக்கொள்ள இசைந்தவர்கள் 5,25,000 பேர். அவ்வாறு தாயகம் திரும்பியோருக்கு வேலை தரும் நோக்குடன் தமிழக அரசு 1968இல் தொடங்கிய தேயிலைத் திட்டமே பிற்காலத்தில் 'டான்டீ' நிறுவனமாயிற்று. "நல்ல இலையெல்லாம் இங்கதான சாமி கிள்ளுறோம்; ஆனா எங்க அடுப்புல கொதிக்கிறது என்னவோ தூள்தான்" என்றார் அவர், சிரித்துக்கொண்டே. அச்சிரிப்பில் குறையும் இருந்தது, பெருமையும் இருந்தது.

இனி, அந்த இலைக்கு உரிய மதிப்பைத் தந்து, வீட்டிலேயே குளிர்தேநீர் செய்யும் முறையைக் காண்போம். கடையில் டஸ்ட் தூளை வாங்காமல், உருட்டிப் பதப்படுத்திய இலைத்தேயிலையைக் கேட்டு வாங்குங்கள். 'ஆர்த்தடாக்ஸ்' என்று உறையில் அச்சிட்டிருப்பர். நசுக்கிச் சுருட்டிய தூள் பாலுக்கு ஏற்றது. குளிர வைத்தால் கடுப்பும் கலக்கமும் மிகும்.

ஒரு லிட்டர் நீரைக் கொதிக்க வைத்து இறக்கி, 10 கிராம் இலையை இட்டு மூடுங்கள். நான்கு நிமிடம் போதும். இலையைக் கொதிக்க விடுவதும், வடிகட்டும்போது பிழிவதும் துவர்ப்பைக் கூட்டும். சூட்டோடு வடித்து, 40 கிராம் சர்க்கரையைக் கரைத்துவிடுங்கள். குளிர்ந்த பின் சர்க்கரை எளிதில் கரையாது. தானாக ஆறிய பிறகே குளிர்சாதனப் பெட்டியில் வைக்க வேண்டும். அவசரமாகக் குளிரூட்டினால் கலங்கக்கூடும். அப்படிக் கலங்கினாலும் கவலை வேண்டா. சிறிது வெந்நீர் சேர்த்தால் தெளிந்துவிடும்.

மணம் சேர்ப்பது அவரவர் விருப்பம். இலையோடு தட்டிய இஞ்சித் துண்டும் இரண்டு ஏலக்காயும் இடலாம். ஆறிய பின் புதினா இலைகளைக் கசக்கிப் போடலாம். எலுமிச்சைச் சாற்றைப் பரிமாறும் வேளையில் பிழிவது நலம். புளிப்புப் பட்டதும் செந்நிறம் வெளிறிப் பொன்னிறமாவதைப் பிள்ளைகள் வியந்து பார்ப்பார்கள்! அடுப்பே வேண்டா என்பவர்கள், காய்ச்சி ஆறவைத்த ஒரு லிட்டர் நீரில் அதே அளவு இலையை இட்டு, இரவு முழுதும் குளிர்பெட்டியில் வைத்துக் காலையில் வடிக்கலாம். இதில் துவர்ப்பு மிகக் குறைவு. வெயிலில் வைத்து ஊறவிடும் பழக்கம் சிலரிடம் உண்டு. அந்த இளஞ்சூட்டில் கிருமிகள் பெருக இடமுண்டாதலால் அதைத் தவிர்ப்பதே நன்று. எம்முறையில் செய்தாலும் இரண்டு நாளுக்குள் பருகிவிடுங்கள்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. உணவில் உள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வதைத் தேயிலை தடுக்கும். ஆகவே, இரத்தசோகை உள்ள பெண்கள் உணவுக்கு ஒரு மணி நேரம் முன்போ பின்போ பருகட்டும். சிறு குழந்தைகளுக்கு எலுமிச்சைச் சாறும் மோருமே போதும்.

நீலகிரியில் பெருந்தோட்டங்கள் மட்டுமின்றி, ஓரிரு ஏக்கரை நம்பி வாழும் சிறு விவசாயக் குடும்பங்களும் பல்லாயிரம் உள்ளன. ஏலத்தில் தேயிலை பெறும் விலையை ஒட்டியே அவர்களது பச்சைக் கொழுந்தின் விலையும் அமைகிறது. அது வீழும் ஆண்டுகளில், பறிப்புக் கூலிக்கே வருவாய் போதாமல் இலையைச் செடியிலேயே விட்டுவிடுவோரும் உண்டு. நாம் வாங்கும் ஒரு பொட்டலம் இந்நிலையை மாற்றிவிடாது. எனினும், எந்த மலையின் இலை, எத்தகைய இலை என்று கேட்டு வாங்கும் வழக்கம் நம் குடும்பங்களில் பரவினால், பெயரற்ற கலவையில் கரைந்துபோகும் நல்ல இலையைத் தேடுவோர் பெருகுவர். இக்கோடையில் வீட்டுக்கு வரும் விருந்தினருக்குப் புட்டியில் அடைத்த பானத்திற்குப் பதிலாக இதனை ஒரு குவளை கொடுத்து உபசரியுங்கள். அது எவ்விடத்து இலை, யார் கிள்ளியது என்று பிள்ளைகள் கேட்டால், மேற்சொன்ன கதையையும் சொல்லுங்கள்.