முயலுக்கு மூன்றே காலா?



எங்கள் தேயிலைத் தோட்டக் குடியிருப்பில் பிள்ளைகள் மிகவும் விரும்பி வளர்க்கும் உயிர் முயல்தான். கேமரன் மலையின் குளிரும் அதற்கு ஏற்றது. முயலுக்கு வியர்ப்பதில்லை, உடற்சூட்டைப் பெரும்பாலும் காதுகளின் வழியாகவே தணித்துக்கொள்ளும். சமவெளியின் வெயிலில் வாடும் முயல், ஏறத்தாழ 1,400 மீட்டர் உயரத்திலுள்ள தானா ராத்தா வட்டாரத்தில் நலமாக வாழும். மழைச் சாரலும் ஈரத்தரையும் மட்டும் அதற்கு ஆகா.

குட்டியாக வாங்கி வரும்போது வீட்டில் எல்லாருக்கும் மகிழ்ச்சி. மூன்று மாதத்திற்கும் ஆறு மாதத்திற்கும் இடையில் முயல் பருவம் எய்துகிறது. அதன்பின் கடிக்கிறது, உதைக்கிறது, சிறுநீரைப் பீய்ச்சுகிறது, இரவெல்லாம் கம்பியைக் கடித்து உறக்கத்தைக் கெடுக்கிறது. உடனே, “இது கெட்ட முயல், தேயிலைக் காட்டில் விட்டுவிடலாம்” என்ற பேச்சு எழுகிறது. வீட்டில் வளர்ந்த முயலுக்கு அது விடுதலை அன்று. பாம்புக்கோ நாய்க்கோ மரநாய்க்கோ சில நாள்களில் இரையாகிவிடும்.

சில ஆண்டுகளுக்கு முன்னர், நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன் விரலில் கட்டுடன் வகுப்புக்கு வந்தான். அவனுடைய பெண் முயல் கடித்துவிட்டது. வரும் ஞாயிற்றுக்கிழமை அதைக் காட்டில் விட்டுவிடப் போவதாகத் தந்தையார் சொல்லிவிட்டாராம். அவன் கட்டுரைப் பாடத்தில் நான்கு வரி எழுதவும் தயங்குபவன். “அடங்காப் பிள்ளை” என்று பலரும் அவனைச் சொல்வதுண்டு.

அவன் தந்தையாரைக் கண்டு பத்து நாள் தவணை கேட்டேன். மாணவனிடம் ஒரு குறிப்பேட்டைக் கொடுத்து, முயல் கடிக்கும்போதெல்லாம் நான்கு செய்திகளை எழுதச் சொன்னேன்: எத்தனை மணிக்கு, எங்கே, அருகில் யார் இருந்தார், அதற்குச் சற்று முன் என்ன நடந்தது. “கெட்டது”, “கோபக்காரி” போன்ற சொற்களை மட்டும் எழுதக்கூடாது என்றேன். கண்ணால் கண்டது போதும்.

பத்து நாளில் ஐந்து கடிகள் பதிவாகியிருந்தன. நான்கு கடிகள், உணவுக் கிண்ணத்தை எடுக்கக் கூண்டின் முன்வாயில் வழியே கை நுழைந்தபோது நிகழ்ந்தவை. ஐந்தாவது, அவன் தங்கை முயலைத் தூக்க முயன்றபோது. கூண்டுக்கு வெளியே திரிந்தபோது அது ஒருவரையும் கடிக்கவில்லை. மாணவனே அதைப் படித்துப் பார்த்து, “ஐயா, அதற்கு நம்மைப் பிடிக்காமல் இல்லை, வீட்டுக்குள் கை வருவதுதான் பிடிக்கவில்லை” என்றான்.

அவன் கண்டது சரியே. முயலின் கண்கள் தலையின் இருபுறமும் அமைந்துள்ளன. ஏறத்தாழ நாற்புறமும் பார்க்கவல்ல அந்த உயிருக்கு, மூக்கின் நேர்முன்னே உள்ள சிறு இடம் மட்டும் தெரியாது. அங்கே திடீரென நீளும் கை அதற்குக் கையாகத் தோன்றாது. மேலும், பருவமெய்திய பெண் முயல் தன் இருப்பிடத்தைக் காத்துக்கொள்ளும் இயல்புடையது. ஆகவே முதலில் முயலை வெளியே வரவிட்டு, அதன்பின் கூண்டைத் தூய்மை செய்யுமாறு கூறினேன். தடவுவதாயின் பக்கவாட்டிலிருந்து கையைக் கொண்டுசென்று நெற்றியைத் தடவ வேண்டும். மூன்று வாரங்களில் கடி அறவே நின்றது என்று சொல்லமாட்டேன். ஒரே ஒரு முறைதான் கடித்தது. தந்தையார் காட்டுப் பேச்சை விட்டுவிட்டு, பழைய பலகைகளால் பெரிய கூண்டு ஒன்றைச் செய்தார்.

மற்றத் தொல்லைகளுக்கும் காரணங்கள் உண்டு.

1. கம்பியைக் கடித்தல்: முயலின் பற்கள் வாழ்நாள் முழுவதும் வளரும். முன்பற்கள் வாரத்திற்கு ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் நீளும். அவற்றைத் தேய்ப்பது புல்லும் உலர்புல்லும்தான். உணவில் பெரும்பகுதி அவையாக இருத்தல் வேண்டும். இங்கே மலிவாகக் கிடைக்கிறதே என்று முட்டைக்கோஸ் இலைகளை அள்ளிப் போடுவது வயிற்றுக்குக் கேடு. களைக்கொல்லி தெளித்த வரப்பிலும் வடிகாலோரத்திலும் புல் அறுக்கவே கூடாது. முயல் சுறுசுறுப்பாக இருப்பது விடியலிலும் அந்தியிலும். அவ்வேளைகளில் அதை வெளியே ஓடவிட்டால் கம்பியின்மேல் உள்ள சினம் தணியும்.

2. பின்காலால் தரையைத் தட்டுதல்: இது அடம் அன்று, எச்சரிக்கை. நாயோ பாம்போ அருகில் வந்திருக்கலாம். அதட்டுவதற்கு முன் கூண்டைச் சுற்றிப் பாருங்கள்.

3. தூக்கினால் உதைத்தல்: தரையை விட்டுத் தூக்கப்படுவது, இரைவிலங்குக்குப் பருந்தின் காலில் சிக்கியதற்கு ஒப்பு. பின்கால்களின் வலிமைக்கு முதுகெலும்பு ஈடுகொடுக்காது. பலமாக உதைத்தால் எலும்பு முறிந்து கால்கள் செயலிழந்துவிடலாம். காதைப் பிடித்துத் தூக்குவது கொடுமை. மார்பையும் பின்புறத்தையும் தாங்கியே தூக்க வேண்டும். சிறு பிள்ளைகள் தரையில் அமர்ந்தபடி கொஞ்சினால் போதும்.

4. சிறுநீர் பீய்ச்சுதல்: பருவமெய்திய முயல் தன் எல்லையைக் குறிக்கும் முறை இது. கருத்தடை அறுவை செய்தால் பெரும்பாலும் குறையும். பெண் முயல்களுக்கு வயதானபின் கருப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பும் அதனால் நீங்கும். முயலைப் பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவரைத் தேடி ஈப்போவரை இறங்க வேண்டியிருந்தாலும் அது வீண் செலவாகாது.

இதுவரை அமைதியாக இருந்த முயல் திடீரென முரடானாலோ, உண்ணாமல் இருந்தாலோ அதனைக் குணக்கேடு என்று எண்ணாதீர்கள். அது நோயின் அறிகுறி. காலந்தாழ்த்தாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பது நம் பழமொழி. கண்முன் நான்கு கால் இருக்க, முன்னரே முடிவு கட்டிவிட்டவரின் பிடிவாதத்தை அது சுட்டுகிறது. “கெட்ட முயல்” என்பதும் அத்தகைய முடிவுதான். அந்தக் குறிப்பேட்டில், நான்கு வரிக்குத் தயங்கிய மாணவன் பத்து நாளில் ஏழு பக்கம் எழுதியிருந்தான். அதன்பிறகு, வகுப்பில் அவன் எழுந்து திரியும் போதெல்லாம் மணியையும் முன் நிகழ்ந்ததையும் நானும் குறித்து வைக்கலானேன். பெரும்பாலும் அது உணவு இடைவேளைக்கு முந்திய பாடவேளையாகவே இருந்தது. காலையில் உண்ணாமல் வருபவன் என்பது அப்போது தெரிந்தது. கண்டிப்புக்குப் பதில் ஒரு ரொட்டித்துண்டு பயன் தந்தது.

பெற்றோருக்கு நிறைவாக ஒன்று. நன்றாகப் பேணப்படும் முயல் பத்து ஆண்டுகள்வரை வாழக்கூடும். முதலாம் ஆண்டுப் பிள்ளைக்கு இன்று வாங்கித் தரும் குட்டி, அப்பிள்ளை ஐந்தாம் படிவத் தேர்வு எழுதும்போதும் வீட்டில் இருக்கலாம். நம் நாட்டின் 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டமும், வளர்ப்பவருக்கு விலங்கின் தேவைகளை நிறைவுசெய்யும் கடமையை விதிக்கிறது. புல்லுக்கும் இடத்திற்கும் மருத்துவத்திற்கும் வழியுண்டா என்று எண்ணிப் பார்த்து வாங்குங்கள். ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களாயின், பிள்ளையின் கையில் ஒரு குறிப்பேட்டையும் கொடுங்கள்.