அம்மா, கண்ணை மூடிட்டு கயிற்றைப் பிடி!

மகளோடு மூன்று மாதம் இருந்துவிட்டு வரலாம் என்று பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், நார்த்தங்காய் எல்லாம் கட்டிக்கொண்டு ஃப்ளோரிடா போனேன். அங்கே ஒரு ஞாயிற்றுக்கிழமை, கண்ணில் துணியைக் கட்டிக்கொண்டு, மரத்துக்கு மரம் இழுத்துக் கட்டிய கயிற்றைத் தடவியபடி நடப்பேன் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

என் மகளுக்கு, தண்ணீருக்கு அடியில் இருக்கும் குகைகளுக்குள் நீந்துவதில் பித்து. வடக்கு ஃப்ளோரிடாவில் தரைக்குக் கீழே முழுக்கச் சுண்ணாம்புப் பாறை. அதைத் தண்ணீர் அரித்து அரித்து, உள்ளே கிலோமீட்டர் கணக்கில் குகைகள். அவற்றிலிருந்து ஊற்று பொங்கி ஆற்றில் கலக்கிறது. குகைக்குள் நுழைந்ததும் ஒரு எச்சரிக்கைப் பலகை இருக்குமாம். போட்டோவில் காட்டினாள். அங்கி போட்ட எலும்புக்கூடு, கையில் நீளமான அரிவாள்.

“எமன்தானேடி இது? எருமையை மட்டும் காணோம்!” என்றேன்.

“பயிற்சி இல்லாதவங்க இதுக்கு மேல போகாதீங்கன்னு போட்டிருக்கும்மா. எனக்குப் பயிற்சி இருக்கு.”

அன்று இரவு நான் தூங்கவில்லை. அதற்காகத்தான் மறுவாரம் என்னைப் பூங்காவுக்கு இழுத்துப் போனாள் என்று நினைக்கிறேன். அவளோடு குகைக்குள் போகும் தோழிக்கு அன்று வேலை இருந்ததால், பயிற்சிக்கு ஜோடி நான்!

கடலில் மூச்சு முட்டினால் மேலே வந்துவிடலாம். குகையில் மேலே இருப்பது பாறை. போன வழியாகத்தான் திரும்ப வேண்டும். காலில் மாட்டிய துடுப்பு தரையில் லேசாகப் பட்டாலே வண்டல் கிளம்பி, டார்ச் வெளிச்சமே தெரியாமல் போய்விடும். அதனால் வாசலில் இருந்தே ஒரு மெல்லிய கயிற்றைப் பாறையில் சுற்றிச் சுற்றிக் கட்டிக்கொண்டே போகிறார்கள். 2018-ல் தாய்லாந்துக் குகையில் இருந்து 12 சிறுவர்களையும் பயிற்சியாளரையும் மீட்டதை டி.வி.யில் பார்த்தோமே, அங்கேயும் உள்ளே போட்டிருந்தது இந்த மாதிரிக் கயிறுதான்.

ஒரு கை கயிற்றில். இன்னொரு கை முன்னால் போகிறவரின் கையில். முன்னால் தள்ளினால் ‘போ’, பின்னால் இழுத்தால் ‘பின்வாங்கு’, இறுக்கிப் பிடித்தால் ‘நில்’. கண்ணைக் கட்டிக்கொண்டு நான் பத்தடி நடந்ததும், “இப்போ ரெண்டையும் விட்டுடும்மா” என்றாள். விட்டேன். கயிறு இடப்பக்கம்தானே இருந்தது என்று நான்கு எட்டு வைத்தேன். இல்லை. திரும்பி ஆறு எட்டு. முட்டி போய்க் குப்பைத் தொட்டியில் மோதியது!

“கயிறு போச்சுன்னா அசையக் கூடாதும்மா. நின்ன இடத்துலயே பாறையில ஒரு சின்னக் கயிற்றைக் கட்டி, அதைப் பிடிச்சுக்கிட்டுத்தான் தேடணும். இல்லேன்னா நின்ன இடமும் போயிடும்.”

“சரி, நான் தொலைஞ்சா நீ என்ன பண்ணுவே?”

“முதல்ல என் லைட்டை மறைச்சுக்கிட்டு, உன் லைட் எங்கேயாவது தெரியுதான்னு பார்ப்பேன். அப்புறம் தேடுவேன். என்கிட்ட இருக்கிற காத்து அனுமதிக்கிற வரைக்கும்.”

“அதுக்கப்புறம்?”

“வாசல் எந்தப் பக்கம்னு காட்ட ஒரு அம்புக்குறியைக் கயித்துல மாட்டிட்டு, நான் வெளியே வந்துடுவேன்.”

“விட்டுட்டா வருவே?”

கண்கட்டை அவிழ்த்துவிட்டேன். எனக்கு நிஜமாகவே கோபம். கூட வந்த பெண்ணை இருட்டில் விட்டுவிட்டு வரவா இவளை வளர்த்தேன்? அவள் பதில் சொல்லாமல் சிலிண்டர் கணக்கைச் சொன்னாள். காற்றில் மூன்றில் ஒரு பங்கு போவதற்கு, ஒரு பங்கு வருவதற்கு. மூன்றாவது பங்கு ஆபத்துக்கு. ஜோடியின் காற்று தீர்ந்தால் கொடுப்பதும் அதில் இருந்துதான். “தேடறேன்னு அதையும் தீர்த்துட்டா ரெண்டு பேரும்மா” என்றாள்.

பிறகு மயோர்கா கதையைச் சொன்னாள். ஸ்பெயின் நாட்டுத் தீவு. 2017 ஏப்ரலில், ஷிஸ்கோ கிராசியா என்ற ஆசிரியரும் நண்பர் கில்யெம் மாஸ்காரோவும் அங்கே ஒரு குகைக்குள் போனார்கள். திரும்பும்போது வண்டல் கலங்கிக் கிடக்க, கயிற்றைக் காணோம். ஒரு மணி நேரம் தடவித் தடவித் தேடியும் கிடைக்கவில்லை. காற்று தீரப் போகிறது. பக்கத்தில் காற்று தேங்கிய ஒரு பெரிய அறை இருந்தது. அங்கே ஏறி உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள். சுற்றுவழியில் வெளியே போக, மிச்சக் காற்று ஒருவருக்குத்தான் காணும். மாஸ்காரோ ஒல்லி, மூச்சுக்குக் குறைந்த காற்று போதும். அவர் போனார். கிராசியா இருட்டில் தங்கினார்.

அந்த அறையில் மேலாக இருந்த தண்ணீரைக் குடிக்க முடிந்தது. ஆனால் காற்றில் கரியமில வாயு அதிகம், தலைவலி, பிரமை. கிட்டத்தட்ட 60 மணி நேரம் கழித்து, நண்பர் வெளியே போய்ச் சொன்னதால் வந்த ஆட்கள் அவரைக் கண்டுபிடித்தார்கள்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. கயிற்றை மரத்தில் இருந்து அவிழ்க்கப் போனேன். “இருங்க, உள்ளே யாராவது இருந்தா அவிழ்க்கக் கூடாது!” என்று சிரித்தாள்.

அடுத்த சனிக்கிழமை நானும் ஊற்றங்கரைக்குப் போனேன். புளிசாதம் கட்டிக்கொண்டு. இறங்கும் முன் தோழிகள் இருவரும் ஆளுக்கொரு பிளாஸ்டிக் வட்டத்தைக் காட்டினார்கள். குக்கி என்கிறார்கள். பெயர் எழுதியிருந்தது. வழி பிரிகிற இடத்தில் இருவரும் தங்கள் வட்டத்தைக் கயிற்றில் மாட்டுவார்கள்; திரும்பும்போது அவரவர் தன்னுடையதைத்தான் எடுக்க வேண்டும். இன்னொருவருடையது தொங்கினால், அவர் இன்னும் உள்ளேதான் இருக்கிறார்.

குமிழிகள் கொஞ்ச நேரம் வந்தன. பிறகு அதுவும் இல்லை. பக்கத்தில் குழந்தைகள் டியூபில் மிதந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். நான் வாட்சையே பார்த்தேன். எத்தனை சுலோகம் சொன்னேன் என்று கணக்கில்லை.

ஒன்றேகால் மணி நேரத்துக்குப் பிறகு ஒரு தலை. அடுத்ததாக இன்னொன்று. என் மகள் முகமூடியைக் கழற்றுவதற்குள் கத்தினேன்:

“வட்டம் எடுத்தாச்சா?”

இருவரும் கையைத் தூக்கிக் காட்டினார்கள். இரண்டு.