கறிக்கடைக்காரர் கொடுத்த யோசனை

எடின்பரோவில் ரயில் ஏறினால் ஒரு மணி நேரத்தில் ட்வீட்பேங்க். 1969இல் மூடிய ரயில் பாதையை 2015இல் இந்த ஊர் வரைக்கும்தான் திரும்பப் போட்டிருக்கிறார்கள். அங்கிருந்து மெல்ரோஸுக்கு நடந்தேன். வலப்பக்கம் ஈல்டன் குன்றுகளின் மூன்று முகடுகள். இடப்பக்கம் ட்வீட் ஆறு. ஊரில் இரண்டாயிரத்துச் சொச்சம் பேர்தான் இருக்கிறார்கள். வீடுகளை ஒட்டியே கிரீன்யார்ட்ஸ் மைதானம்.

தூறலில் சிறுவர்கள் ரக்பிப் பயிற்சி செய்துகொண்டிருந்தார்கள். சட்டையில் கறுப்பும் மஞ்சளும், மெல்ரோஸ் கிளப்பின் நிறங்கள். ஆறேழு வயதுப் பையன் ஒருவன் பந்தை வயிற்றோடு அணைத்துக்கொண்டு ஓடினான். எதிரே வந்தவனிடம் சிக்கும் நொடியில், தலையைத் திருப்பாமலேயே பின்பக்கம் தட்டிவிட்டான். பந்து சரியாகத் தோழன் கையில் போய் விழுந்தது. இந்த வயதில் அந்தக் கணக்கு எப்படிப் பிடிபட்டது என்று வியந்து நின்றேன்.

கிளப் தொடங்கியது 1877இல். அதற்கு முன் பக்கத்து ஊரான காலாஷீல்ஸுடன் சேர்ந்து ஆடினார்கள். பிணக்கு வந்து பிரிந்தபோது, மெல்ரோஸ்காரர்கள் ராத்திரியோடு ராத்திரியாகக் கோல் கம்பங்களையும் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டதாக இந்த வட்டாரத்தில் ஒரு கதை உண்டு.

1883இல் கிளப்பில் காசில்லை. ஊர்க் கறிக்கடையில் வேலை பார்த்த நெட் ஹேய்க், கிளப்புக்கும் ஆடியவர், விளையாட்டு விழா நடத்திப் பணம் திரட்டலாம் என்றார். ஓட்டப்பந்தயம், பந்து உதைக்கும் போட்டி எல்லாம் வைக்கலாம்; ஆனால் கூட்டத்தை இழுக்க ரக்பி வேண்டும். அணிக்குப் பதினைந்து பேர் என்றால் ஒரே பிற்பகலில் பல ஆட்டங்கள் முடியாது. எனவே அணிக்கு ஏழு பேர், ஆட்டத்துக்குப் பதினைந்து நிமிடம் என்று குறைத்தார்கள். ஊர்ப் பெண்கள் ஒரு கோப்பை கொடுத்தார்கள்.

ஏப்ரல் 28 அன்று இதே மைதானத்தில் இறுதி ஆட்டம். எதிரணி, பிரிந்து வந்த அதே காலாஷீல்ஸின் அணியான காலா! சமநிலையாகிக் கூடுதல் நேரம் போனது. மெல்ரோஸ் வீரர் ஒருவர் கோட்டைக் கடந்து பந்தைத் தரையில் ஊன்றியதும், ஜெயித்துவிட்டோம் என்று மெல்ரோஸ் அணி மைதானத்தை விட்டே வெளியேறியது. நேரம் இன்னும் மீதமிருக்கிறது என்று காலா வாதாடியும் பலனில்லை. கோப்பை இங்கேயே தங்கியது. ஆனாலும் அந்த ஆட்டமுறை காலாவுக்குப் பிடித்துவிட்டது. மறு வருஷமே தன் ஊரிலும் நடத்தியது.

இந்த ஏழு பேர் ஆட்டம்தான் இன்றைய செவன்ஸ். 1993இல் தொடங்கிய செவன்ஸ் உலகக் கோப்பைக்கு மெல்ரோஸ் கோப்பை என்றே பெயர். 2016 ரியோ ஒலிம்பிக்கில் ஃபிஜி வாங்கிய முதல் பதக்கமே தங்கம், அதுவும் செவன்ஸில்தான்.

காசு கிளப்புக்கு மட்டுமல்ல, ஆடியவர்களுக்கும் வரவில்லை: இந்த வகை ரக்பியான ரக்பி யூனியனில் 1995 வரை ஆட்டத்துக்குச் சம்பளம் கிடையாது. இந்த கிளப்பின் ஜிம் டெல்ஃபர் பிழைப்புக்கு வேதியியல் வாத்தியார். ஸ்காட்லாந்து அணிக்குத் தலைமை தாங்கினார், 1984இல் பயிற்சியாளராக, தொடரின் எல்லா ஆட்டங்களையும் வெல்லும் கிராண்ட் ஸ்லாமும் வாங்கித் தந்தார். சம்பளமில்லாமல் உழைத்த இவரைப் போன்றவர்களைத்தான் ரக்பியின் முதல் வரிசையில் வைப்பேன்.

மெல்ரோஸ் வருகிறவர்கள் பெரும்பாலும் பழைய மடாலயத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் ஏப்ரலில் வாருங்கள். செவன்ஸ் நாளன்று ஊர் ஜனத்தொகையைப் போலப் பல மடங்கு கூட்டம் இந்த மைதானத்தில் கூடும்.