வாப்பாட செவ்ரோலே

"காரை எப்ப விக்கப் போறீங்க?" என்று இன்பாக்ஸில் கேட்ட எல்லாருக்கும் தனித்தனியாகப் பதில் போட முடியவில்லை. இங்கேயே எழுதிவிடுகிறோம். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வாப்பா மௌத்தாகி ஏழு மாதம். உம்மாட இத்தா முடிந்த பிறகுதான் சொத்து விஷயத்தைப் பேசவே வாய் வந்தது. வீடு ஏற்கெனவே சீதனத்தில் போய்விட்டது. மிச்சம் இருப்பது களுபோவில வீட்டு முற்றத்தில் தார்ப்பாய்க்குள் நிற்கிற 1957 செவ்ரோலே பெல் ஏர் மட்டும். மௌலவி கணக்குப் போட்டுத் தந்தார். உம்மாவுக்கு எட்டில் ஒன்று. மிச்சத்தில் தம்பிக்கு ரெண்டு பங்கு, தாத்தாமார் எங்கள் இருவருக்கும் ஒவ்வொரு பங்கு. முப்பத்திரண்டாகப் பிரித்தால் 4, 14, 7, 7. கணக்கு அழகாகத்தான் இருந்தது. ஆனால் தம்பி, "என்ட பதினாலு எஞ்சின் பக்கம்" என்றான். உம்மா சிரிக்கவில்லை.

இந்தக் கார் எங்கட குடும்பத்துக்கு வந்ததே கடனில்தான். அப்பாவுக்கு, அதாவது வாப்பாட வாப்பாவுக்கு, பஞ்சிகாவத்தையில் டயர் கடை. 1972 காணிச் சட்டத்தில் ஐம்பது ஏக்கருக்கு மேலே இருந்ததையெல்லாம் பறிகொடுத்த ஒருவர் அவருக்குப் பணம் தர வேண்டியிருந்தது. அடுத்த வருஷம் அரபு நாட்டு யுத்தத்தோடு எண்ணெய் விலை ஏறியதும், பெற்றோல் குடிக்கிற அமெரிக்கக் கார்களை யாரும் சீண்டவில்லை. பணத்துக்குப் பதிலாகச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். உம்மும்மா மூன்று நாள் அப்பாவோடு பேசவில்லையாம்.

200 அங்குல நீளம், ஒன்றரைத் தொன் எடை. எங்கட ஒழுங்கைக்குள் திருப்ப ஒருவர் இறங்கி நின்று "வா, வா, போதும்" சொல்ல வேண்டும். பின்னால் மீன் செட்டை மாதிரி ரெண்டு. பெற்றோல் மூடி எங்கே என்று புது ஷெட்டில் எவருக்கும் தெரியாது, அது இடப்பக்கச் செட்டையின் நிக்கல் பட்டிக்குள் ஒளிந்திருக்கிறது. வலப்பக்க ஸ்டியரிங் கார்களுக்கு கம்பனி புதிதாக டாஷ்போர்ட் செய்ய மெனக்கெடவில்லை, 1955 மொடலுடையதைக் கண்ணாடியில் பார்த்த மாதிரித் திருப்பிப் போட்டுவிட்டார்கள். அமெரிக்காவில் இருந்து படம் போடுகிறவர்களின் காரும் எங்கட காரும் உள்ளே வேறாக இருப்பது அதனால்தான். நம்பர் பிளேட்டில் ஸ்ரீ எழுத்து. அந்த எழுத்தை வைத்து 1957, 58இல் இந்த நாட்டில் என்னென்ன நடந்தது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லப் போனால் பாடம் முடிந்துவிடும், கார் முடியாது. அதை விடுவோம்.

எங்களுக்குத் தெரிந்த செவ்ரோலே கல்யாணக் கார். மாப்பிள்ளைமாருக்கு ஓடிய காசில்தான் டியூஷன், பெருநாள் உடுப்பு எல்லாம். பெருநாள் இரவில் மட்டும் ஹயர் இல்லை. ஒன்பது பேரை ஏற்றிக்கொண்டு வாப்பா காலி வீதியால் மெதுவாகக் காலிமுகத்திடலுக்குப் போவார். தெஹிவளைப் பாலம், வெள்ளவத்தை சவோய், பம்பலப்பிட்டி மெஜஸ்டிக், கொள்ளுப்பிட்டி. யன்னலெல்லாம் திறந்து கிடக்கும். பஸ்காரன் ஹோன் அடித்தாலும் வேகம் கூடாது. நாங்கள் "கூட்டுங்க வாப்பா" என்று கத்துவோம். "இது தேர், காரில்ல" என்பார். அவர் இளமையில் இதே ரோட்டில் ரேஸ் ஓடினவர் என்று சாச்சா சொன்னபோது நாங்கள் நம்பவில்லை. நுவரெலியாவில் 1934இலிருந்து நடக்கிற மஹகஸ்தொட்ட மலையேற்றப் போட்டிக்குக் கூட்டாளிமார் ஏப்ரலில் போவார்கள், வாப்பா போக மாட்டார். காசில்லை என்று நினைத்தோம்.

காரை உயிரோடு வைத்திருக்க அவர் பட்ட பாடு தனிக்கதை. 2002இல் ஈயம் கலந்த பெற்றோல் நின்றது. அந்த ஈயத்தை நம்பித்தான் பழைய வால்வ் சீட்டுகள் இருந்தன, ஈயமில்லாவிட்டால் தேய்ந்து உள்ளே போய்விடும். மருதானை பாஸ் ஒருவர் ஹெட்டைக் கழற்றி, கடினமான சீட் கடைந்து போட்டுத் தந்தார். 2022இல் கியூஆர் வந்தபோது காருக்குக் கிழமைக்கு இருபது லீட்டர். லீட்டருக்கு ஐந்து கிலோமீட்டர் ஓடுகிற காருக்கு அது எந்த மூலைக்கு? ஆனால் நாங்கள் வேறு வழி பார்த்தோம். ஷெட்டுக்குத் தள்ளிக்கொண்டு போய், நிரப்பி, வீட்டில் குழாய் போட்டு உறிஞ்சி தம்பியின் ஸ்கூட்டருக்கு ஊற்றினோம். எங்களில் ஒருத்தி பள்ளிக்கூடம் போய்வந்ததும் அந்தப் பெற்றோலில்தான். வாப்பா அதைப் பார்க்காமல் உள்ளே போய்விடுவார்.

அந்த லொக்டவுன் மாதிரியான நாட்களில்தான் லெப்டொப்பில் 'அமெரிக்கன் கிராஃபிட்டி' படம் போட்டோம். 1973இல் ஜோர்ஜ் லூக்காஸ் எடுத்தது. கதை 1962இல் கலிபோர்னியாவின் மொடெஸ்டோ ஊரில் ஒரே இரவில் நடக்கிறது. பொடியன்மார் ரோட்டில் சும்மா காரில் சுற்றுவதுதான் படம். வாப்பா முழுசாக ரசித்தார், ஒவ்வொரு காருக்கும் பெயர் சொன்னார். விடியப்புறத்தில் கறுப்பு 55 செவ்ரோலே ரேஸில் உருளுகிற இடம் வந்தது. எழும்பிப் போய்விட்டார். வுழூ செய்யப் போகிறார் என்று நினைத்தோம். வக்துக்கு இன்னும் நேரம் இருந்தது.

பாகப்பிரிவினைக்காக அலுமாரியைத் திறந்தபோதுதான் கொப்பி கிடைத்தது. முதல் பக்கத்தில் "கடன்" என்று எழுதி நாலு வரி. மூன்றில் தொகை இருந்தது, மூன்றும் வெட்டப்பட்டிருந்தன. நாலாவது "தெம்பிலிக்காரர், கவுடான." தொகை இல்லை. பிறகு பக்கம் பக்கமாக மாதத்துக்கு ஒரு சரி அடையாளம், 1980இலிருந்து.

சாச்சாவைப் பிடித்துக் கேட்டோம். 1980 நோன்பு மாதம், ஸஹருக்கு முந்தி. 77க்குப் பிறகு ஜப்பான் கார் இறங்கத் தொடங்கியிருந்த காலம். கூட்டாளி ஒருவரின் புது லான்சரோடு தெஹிவளையிலிருந்து காலிமுகத்திடல் வரை பந்தயம். அன்று மழை. பாலத்தடியில் தேங்கின தண்ணீருக்குள்ளால் விட்டிருக்கிறார். நாலு சில்லுக்கும் ட்ரம் பிரேக். தண்ணீர் உள்ளே போனால் கொஞ்ச நேரத்துக்கு மிதித்தாலும் பிடிக்காது. வெள்ளவத்தையில் ஒருவர் தெம்பிலி வண்டி தள்ளிக்கொண்டு வந்திருக்கிறார். கால் முறிந்தது. வழக்கு வரவில்லை, எப்படி வரவில்லை என்று சாச்சா சொல்லவில்லை, நாங்களும் தோண்டவில்லை. வாப்பாவுக்கு இருபத்து நாலு வயது.

இப்போது சண்டை தொடங்கியது. தம்பி சொன்னான்: "அது ஸதகா. வாப்பா மனசால குடுத்தது. மௌத்தோட முடிஞ்சி." வசியத் என்றாலும் மூன்றில் ஒன்றுக்கு மேலே போக முடியாது என்றும் சொன்னான். தாத்தாமார் நாங்கள் சொன்னோம்: வாப்பா "கடன்" என்றுதான் எழுதியிருக்கிறார், கடன் என்றால் பங்குக்கு முதல். உண்மையைச் சொன்னால், எங்கட ஏழும் ஏழும் குறையும் என்று தெரிந்துதான் சொன்னோம், ஆனாலும் சொல்லும்போது தொண்டை அடைத்தது. பிள்ளையின் யுனிவர்சிட்டிக் காசு அதில்தான் இருக்கிறது. மௌலவி எந்தப் பக்கமும் சாயவில்லை. "தொகை எழுதாத கடன் என்டா கடன் குடுத்தவரிட்ட போய்க் கேளுங்க. அவர் மன்னிச்சா மன்னிச்சது."

போன ஞாயிறு மூன்று பேருமாகக் கவுடானவுக்குப் போனோம். ஆள் இருக்கிறார், எழுபத்தைந்து இருக்கும், ஒரு கால் மடங்காது. அவரும் மகளும். வாப்பா மௌத்தான செய்தி அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஜனாஸாவுக்கு வந்து வாசலுக்கு வெளியே நின்றுவிட்டுப் போனார்களாம். எங்களில் யாருக்கும் அது தெரியாது. நாங்கள் சிங்களத்தில் தடுமாறித் தடுமாறி விஷயத்தைச் சொன்னோம். அவர் நிறைய நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "காலுக்கு உங்கட வாப்பா குடுத்தது போதும். வண்டிக்குத் தரல்ல."

வண்டி அவருடையதில்லையாம். இரவலாக எடுத்த வண்டி, கட்டைவண்டிச் சில்லு போட்டது, அன்றைக்கு அறுபது தெம்பிலி அதில். வண்டிக்காரனுக்கு அவரே பல வருஷமாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டி முடித்திருக்கிறார். வாப்பா ஆஸ்பத்திரியைக் கேட்டார், வீட்டுச் செலவைக் கேட்டார், பிள்ளையின் படிப்பைக் கேட்டார், வண்டியைக் கேட்கவில்லை. இவரும் சொல்லவில்லை. "ஏன் சொல்லல்ல?" என்று தம்பி கேட்டான். "மாசா மாசம் வாற மனிசனிட்ட எப்படிச் சொல்ற?" என்றார்.

எவ்வளவு என்று கேட்டோம். மகளைப் பார்த்தார். மகள், யோசித்து ஃபோனில் சொல்கிறேன் என்றாள். எங்களுக்குத் தேத்தண்ணி தந்தார்கள். வெளியே வரும்போது அவர், கார் இன்னும் நீலமா என்று கேட்டார். நீலமும் வெள்ளையும் என்றோம்.

கார் வாங்க வந்தவர் இன்று ரெண்டு தடவை எடுத்துவிட்டார். 2020இலிருந்து ஐந்து வருஷம் வாகன இறக்குமதி நின்றதில் பழைய காருக்கும் விலை கூடியது, இப்போது திறந்துவிட்டார்கள், தாமதித்தால் விலை இறங்கும் என்கிறார். சரியாகவும் இருக்கலாம். தம்பிதான் பதில் சொன்னான், கொஞ்சம் பொறுங்கள் என்று. கவுடானவிலிருந்து இன்னும் கோல் வரவில்லை. பெட்டரியை சார்ஜில் போட்டிருக்கிறோம்.