கடைசி ஃபாரம்

ராயப்பேட்டையில் ஆயா வீட்டுக்குள் நுழைந்தால் முதலில் அச்சு மை வாசம், அதற்குப் பின்னால் மயில்துத்தம் போட்டுக் காய்ச்சிய மைதாப் பசை, அதற்கும் பின்னால் அடுப்பில் கொதிக்கிற கருவாட்டுக் குழம்பு. பைண்டிங் கடைக்காரர் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு வந்து இறக்கும் ஃபாரங்களை, அதாவது பக்கங்கள் அச்சான பெரிய தாள்களை, மடித்துக் கொடுப்பது ஆயாவின் வேலை. பாயில் காலை நீட்டிக்கொண்டு, மூங்கில் பட்டையால் ஒரு தேய், திருப்பி இன்னொரு தேய், மூன்றாவது மடிப்பில் 16 பக்கம் கைக்குள் அடங்கிவிடும்.

மாத நாவல் வருகிற வாரம் எனக்குத் திருவிழா. விவேக்–ரூபலா, பரத்–சுசீலா என்று துப்பறியும் ஜோடிகள் எல்லாரும் பெட்டிக்கடையில் தொங்குவதற்கு முன்னால் எங்கள் பாயில் வந்து படுத்திருப்பார்கள். மடிக்காத தாளில் 1-ஆம் பக்கத்தை ஒட்டியே 16-ஆம் பக்கம் இருக்கும், மேலே 8-உம் 9-உம் தலைகீழாக. இங்கே பிணம் கிடக்கும், அங்கே கார் துரத்திக்கொண்டிருக்கும். தாளைச் சுற்றிச் சுற்றித் தவழ்ந்து படிப்பேன். கடைசி ஃபாரம் முதலில் வந்து இறங்கினால், கொலை நடப்பதற்குள்ளேயே கொலைகாரன் யாரென்று தெரிந்துவிடும். சப்பென்று போகாதா என்று கேட்பீர்கள். போகாது. பிறகு வருகிற ஃபாரங்களில் அந்த ஆளை எழுத்தாளர் எங்கெல்லாம் ஒளித்துவைக்கிறார், எந்த வரியில் அவன் கையில் காபி டம்ளரைக் கொடுத்து அப்பாவியாக்குகிறார் என்று தேடுவதில் அப்படி ஒரு சுகம். கதை பின்னுகிற கையை நான் முதன்முதலில் பார்த்தது அந்தப் பாயில்தான்.

வெகு காலம் கழித்து, அந்தனி ஹோரோவிட்ஸ் எழுதி 2016-இல் வெளியான 'மேக்பை மர்டர்ஸ்' படித்தேன். லண்டன் பதிப்பகம் ஒன்றில் எடிட்டராக இருக்கும் சூசன் ரைலண்டுக்கு ஒரு துப்பறியும் நாவலின் பிரதி வருகிறது. கடைசி அத்தியாயங்களைக் காணோம், எழுதிய ஆலன் கான்வேயும் செத்துப்போகிறார். காணாமல்போன முடிவைத் தேடி அவள் அலைய அலைய, என் கை பாயைத் துழாவியது. அருமையான நாவல். ஆனால் அந்தப் புத்தக உலகத்திலும் எழுத்தாளர், எடிட்டர், பதிப்பாளர்தான் நடமாடுகிறார்கள். ஃபாரம் மடிக்கிற ஒரு கிழவியாவது வந்திருக்கலாம் என்று எனக்கு ஏக்கம்.

ஆயாவுக்கு எழுத்து தெரியாது, எண் தெரியும். ஃபாரத்தின் அடியில் பொடியாக அச்சிட்ட எண்ணைப் பார்த்தே அடுக்குவாள். கதையை நான்தான் வாசித்துக் காட்ட வேண்டும், அதுவும் வரிசையாக. கடைசி ஃபாரம் என் மடியில் இருப்பது தெரிந்தால் போதும். "தோ பாரு கண்ணு, அவன் பேர மட்டும் இப்பவே சொல்லிடாத" என்பாள். கதை பாதி தாண்டுவதற்குள், "அந்தக் கணக்குப்பிள்ள எதுக்கு இம்மாம் அழுவுறான்? அவன்தான்" என்று மூங்கில் பட்டையால் தரையில் ஒரு தட்டு தட்டுவாள். பெரும்பாலும் அவனேதான்.