அரைக்கம்பம்

அடையாறில் நாங்கள் குடியிருக்கும் அடுக்ககத்தில் வருடத்துக்கு இரண்டு முறை கொடியேற்றுவோம். வாசல் கேட்டுக்கு உட்புறம், தண்ணீர்த் தொட்டியை ஒட்டி, இருபதடி உயர இரும்புக் குழாய் ஒன்று நட்டிருக்கிறது. பன்னிரண்டு வீடுகள் கொண்ட சிறிய கட்டிடம். ஜனவரி 26, ஆகஸ்ட் 15 இரு நாட்களிலும் காலையில் கூடுவோம், கொடி ஏறும், பிள்ளைகளுக்கு மிட்டாய், அரைமணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும். யார் கயிற்றை இழுப்பது என்பதில் மட்டும் போட்டியே இருந்ததில்லை. 2012இல் அப்பா பணி ஓய்வு பெற்று எங்களோடு வந்து தங்கிய நாளிலிருந்து அது அவருடைய வேலை.

2019 ஆகஸ்ட் 11, ஞாயிற்றுக்கிழமை மாலை அப்பா காலமானார். மறுநாள் பெசன்ட் நகர் மயானத்தில் தகனம். பதிமூன்றாம் தேதி மாலை அடுக்ககச் சங்கத்தின் செயலாளர் வீட்டுக்கு வந்தார். சற்று நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்துவிட்டு, “சார், ஒரு யோசனை. இந்த வருஷம் அப்பாவுக்காக நம்ம கொடியை அரைக்கம்பத்துல பறக்கவிடலாமா? எல்லா வீட்டுலயும் கேட்டுட்டேன். யாருக்கும் ஆட்சேபனை இல்லை” என்றார்.

அவருடைய அன்பில் எனக்குச் சந்தேகம் இல்லை. நாளைக்குச் சொல்கிறேன் என்று அனுப்பிவைத்தேன். உண்மையைச் சொன்னால், அந்தக் கணத்தில் நான் அதை மிகவும் விரும்பினேன். அப்படி விரும்பியது எவ்வளவு விசித்திரமானது என்று விளங்க, அப்பாவின் உத்தியோகத்தைப் பற்றிச் சொல்லவேண்டும்.

அப்பா மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் கடைநிலை ஊழியர். கோப்புகளைச் சுமப்பது, மணியடித்தால் உள்ளே போவது, தேநீர் வாங்கிவருவது ஆகியவற்றோடு 1984 முதல் மொட்டைமாடிக் கொடியும் அவர் பொறுப்பாயிற்று. தினமும் கொடி பறக்கும் கட்டிடங்களில் ஞாயிறும் விடுமுறையும் கணக்கில் இல்லை. சூரிய உதயத்தில் ஏற்றி அஸ்தமனத்தில் இறக்கவேண்டும். பெசன்ட் நகர்க் குடியிருப்பிலிருந்து விடியுமுன் சைக்கிளில் கிளம்பும் அப்பாவைத்தான் என் பிள்ளைப்பருவம் முழுக்கப் பார்த்திருக்கிறேன். பொங்கலுக்கு ஊருக்குப் போனால் நாங்கள் மூவரும் போவோம், அவர் வரமாட்டார். மாற்று ஆள் ஒருவர் இருக்கத்தான் செய்தார். ஆனால் அவர் முடிச்சு அப்பாவுக்குத் திருப்தியாக இருந்ததில்லை.

அந்தப் பொறுப்பு கைக்கு வந்த சில வாரங்களிலேயே, அக்டோபர் 31 அன்று, இந்திரா காந்தி கொல்லப்பட்டார். மறுநாள் விடியலில் அப்பா மாடிக்குப் போய்க் கொடியைக் கயிற்றில் பூட்டி, பாதி உயரம்வரை இழுத்துக் கட்டியிருக்கிறார். கீழேயிருந்து அதைப் பார்த்த மூத்த ஊழியர் ஒருவர் மூச்சிரைக்க மாடியேறி வந்து, “மேலே போகாம பாதியில நிக்கிறது கொடி இல்லடா, காயப்போட்ட துணி” என்று திட்டினாராம். பிறகு அவரே அவிழ்த்துக் காட்டிக்கொடுத்தார். முதலில் கொடி உச்சிவரை போகவேண்டும். அங்கே ஒரு கணம் நிற்கவேண்டும். அதன்பிறகே பாதிக்கு இறங்கவேண்டும். மாலையில் கழற்றும்போதும் அப்படித்தான். பாதியிலிருந்து நேராகக் கீழே கொண்டுவரக் கூடாது, மறுபடி உச்சியைத் தொட்டுவிட்டே இறக்கவேண்டும்.

இது அந்த ஊழியரின் சொந்தக் கண்டுபிடிப்பு அல்ல, எழுதப்பட்ட விதி. 2002இல் நடைமுறைக்கு வந்த இந்தியக் கொடி விதித்தொகுப்பிலும் இருக்கிறது. அதன் அச்சுப்பிரதி ஒன்று அலுவலகத்துக்கு வந்தபோது அப்பா நகலெடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார். அவருக்கு ஆங்கிலம் அவ்வளவு வராது. நான் வாசித்து அர்த்தம் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொள்வார். யாருக்குக் கொடி எங்கே தாழவேண்டும் என்று அதில் அளவு இருக்கிறது. குடியரசுத் தலைவர், துணைத் தலைவர், பிரதமர் என்றால் நாடு முழுவதும். மக்களவைத் தலைவரும் இந்தியத் தலைமை நீதிபதியும் என்றால் தில்லியில். மத்திய காபினெட் அமைச்சர் என்றால் தில்லியிலும் மாநிலத் தலைநகரங்களிலும். ஆளுநர், முதலமைச்சர் என்றால் அந்த மாநிலம் முழுவதும். மற்றவர்களுக்குத் தனி உத்தரவு வரவேண்டும். மரணச் செய்தி பிற்பகலில் வந்தால் மறுநாளும் தாழ்த்தவேண்டும். “சாவுக்கும் கிரேடு இருக்குடா” என்று அப்பா சிரித்தார். அவருடைய கிரேடு அந்தப் பட்டியலில் இல்லை.

அரைக்கம்பம் நம்முடைய வழக்கம் அல்ல. நம் கோயில்களில் கொடியேற்றம் உண்டு, கொடியிறக்கம் உண்டு. இரண்டுக்கும் நடுவில் ஒரு நிலை கிடையாது. கபாலீசுவரர் கோயிலில் பங்குனி உற்சவத்துக்கு ஏறும் கொடி உற்சவம் முடிந்துதான் இறங்கும். பாதிக் கொடி கடல்வழியாக வந்தது. 1612இல் கிரீன்லாந்துக் கரையில் ஜேம்ஸ் ஹால் என்ற ஆங்கிலேய மாலுமி கொல்லப்பட்டபோது ‘ஹார்ட்ஸ் ஈஸ்’ என்ற கப்பல் கொடியைத் தாழ்த்திக்கொண்டு திரும்பியதைத்தான் இதன் பழைய பதிவாகச் சொல்கிறார்கள். மேலே காலியாக விடப்படும் இடம் கண்ணுக்குத் தெரியாத மரணத்தின் கொடிக்கு என்று ஒரு விளக்கமும் உண்டு. இதை அப்பாவிடம் சொன்னபோது, “அதான் முதல்ல மேல போய் இடத்தைக் காட்டிட்டு வருது” என்றார்.

2016 டிசம்பர் 5 அன்று மாலை நாங்கள் இருவரும் தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருந்தோம். ஜெயலலிதா இறந்துவிட்டதாகச் சில சேனல்கள் அறிவித்தன. கட்சித் தலைமையகத்தில் கொடி அரைக்கம்பத்துக்கு இறங்கியது. சற்று நேரத்தில் மருத்துவமனை அதை மறுத்தது. கொடி மறுபடி மேலே ஏறியது. அன்றிரவே மரணம் அறிவிக்கப்பட்டது. ஊரே வேறென்னவோ பேசிக்கொண்டிருந்தபோது அப்பா ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்: “அந்தக் கயித்தைப் பிடிச்சவன் கை என்ன பாடு பட்டிருக்கும்.” கொடிக்கம்பத்தின் அடியில் நிற்கும் ஆளை அதற்குமுன் நான் யோசித்ததில்லை.

விதித்தொகுப்பில் அப்பாவுக்கு மிகப் பிடித்தது வேறொரு பிரிவு. துக்க நாள், குடியரசு தினத்திலோ சுதந்திர தினத்திலோ காந்தி ஜெயந்தியிலோ வந்துவிட்டால் கொடியைத் தாழ்த்தக் கூடாது. அன்று முழுக் கம்பத்தில்தான் பறக்கவேண்டும். ஒரே ஒரு விலக்கு: இறந்தவரின் உடல் எந்தக் கட்டிடத்தில் கிடத்தப்பட்டிருக்கிறதோ அந்தக் கட்டிடத்தில் மட்டும் கொடி தாழ்ந்திருக்கும். உடலை எடுத்தவுடன் அதுவும் மேலேறிவிடவேண்டும்.

இதை நான் வாசித்துச் சொன்னதும் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். செங்கல்பட்டுப் பக்கம் எங்கள் ஊரில், தெருவில் ஒரு சாவு விழுந்தால் உடலை எடுக்கும்வரை அந்தத் தெருக் கோயிலில் பூஜை நடக்காது. பக்கத்துத் தெருவில் மணியோசை கேட்கும். இங்கே சாமி பட்டினியாகக் காத்திருக்கும். பாடை தெருமுனையைத் தாண்டியதும் வாசல்களைக் கழுவிவிடுவார்கள். கோயில் நடை திறக்கும். “நம்ம ஊர்க்காரன் எவனோதான் இதை எழுதியிருக்கான்” என்றார் அப்பா.

காமராஜர் மறைந்தது 1975 அக்டோபர் 2, காந்தி ஜெயந்தி அன்று. அப்பாவுக்கு அப்போது இருபத்து மூன்று வயது. ராஜாஜி மண்டபத்தில் உடல் வைக்கப்பட்டிருந்தபோது வரிசையில் நின்று பார்த்தவர் அவர். சர்தார் படேல் சாலை வழியாகப் பேருந்தில் போகும்போதெல்லாம் காந்தி மண்டபத்தையும் அதே வளாகத்தில் இருக்கும் காமராஜர் நினைவிடத்தையும் கை நீட்டிக் காட்டுவார். கொடி விதியைக் கேட்டபிறகு அதோடு ஒரு வாக்கியமும் சேர்ந்துகொண்டது. இந்த விதியை அந்த நாளின்மேல் வைத்துப் பார்த்தால், ஊரெல்லாம் காந்திக்காக முழுக் கம்பம், ராஜாஜி மண்டபத்துக்கு மட்டும் அரைக்கம்பம். “பெரியவர் மனசுக்கு அதுதாண்டா சரி” என்பார்.

பதிமூன்றாம் தேதி இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்த நகலை அலமாரியிலிருந்து எடுத்துவைத்துக்கொண்டேன். 1997இல் டயானா இறந்தபோது பக்கிங்ஹாம் அரண்மனையில் கொடி தாழவில்லை என்று லண்டன் மக்கள் கோபப்பட்டது நினைவுக்கு வந்தது. ராணி அங்கே இல்லாததால் கம்பம் காலியாக இருந்தது. அரசக் கொடியை எவர் மரணத்துக்கும் தாழ்த்துவதில்லை என்பதும் அவர்கள் மரபு. கடைசியில் செப்டம்பர் 6, இறுதிச் சடங்கு நாளன்று, நாட்டுக் கொடி அரைக்கம்பத்தில் பறந்தது. அரண்மனையே மரபை மாற்றிக்கொள்ளும்போது பன்னிரண்டு வீடுகளுக்கு என்ன என்று வாதாடிப் பார்த்தேன்.

எதிரே நின்றது சட்டம். அரசு அறிவுறுத்தலின்படி பொதுக் கட்டிடங்களில் தாழ்த்தப்படும் சமயங்களைத் தவிர வேறு எப்போது தேசியக் கொடியை அரைக்கம்பத்தில் பறக்கவிட்டாலும் அது அவமதிப்பு என்கிறது 1971ஆம் ஆண்டின் தேசிய கௌரவ அவமதிப்புத் தடுப்புச் சட்டம். மூன்றாண்டு வரை சிறை கிடைக்கலாம். எங்கள் சந்துக்குள் போலீஸ் வந்து பார்க்கப்போவதில்லை என்பது தெரியும். ஆனால் கோபம் வந்தது. இருபத்தெட்டு வருடம் ஞாயிறு என்றும் தீபாவளி என்றும் பாராமல் அந்தத் துணியை ஏற்றி இறக்கிய ஆளுக்காக அது ஒரு சாண்கூடத் தாழாது. அவர் பார்த்தேயிராத எத்தனையோ பேருக்காக அவர் கையாலேயே தாழ்த்தப்பட்டிருக்கிறது.

விடிந்ததும் எலியட்ஸ் கடற்கரைக்கு நடந்தேன். அப்பாவோடு மாலை நடை போகும் இடம். அங்கே மணலில் ஷ்மிட் நினைவுச் சின்னம் நிற்கிறது. டென்மார்க்கைச் சேர்ந்த அந்த மனிதர் 1930 டிசம்பர் 30 அன்று, மற்றவர்களைக் காப்பாற்றப் போய்க் கடலில் மூழ்கியவர். எந்தப் பதவிப் பட்டியலிலும் அவருக்காகக் கொடி தாழ இடம் இருந்திருக்காது. யாரோ வேறு வழி கண்டுபிடித்து ஒரு வெள்ளை வளைவைக் கட்டிவைத்தார்கள். அதன் நிழலில் அப்பா உட்காரும் இடத்தில் சற்று நேரம் உட்கார்ந்திருந்தேன். ஞாயிறு இரவு கூடத்தில் அவர் உடல் கிடந்தபோது வாசலில் அந்தக் கம்பம் வெறுமையாக நின்றது ஞாபகம் வந்தது. விதி அனுமதித்த ஒரே இரவு அதுதான் என்று எண்ணிக்கொண்டேன். அவர் அந்தப் பட்டியலில் இருந்திருந்தால் அந்தக் கட்டிடம் எங்கள் கட்டிடம். இப்போது உடல் எடுத்தாகிவிட்டது. வாசல் கழுவியாகிவிட்டது. இனி நடை திறக்கவேண்டியதுதான். அப்பா இருந்திருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பார். கூடவே செயலாளரையும் என்னையும் உட்காரவைத்து அரைமணி நேரம் வகுப்பெடுத்திருப்பார்.

செயலாளரிடம் வேண்டாம் என்று சொன்னேன். முழுக் கம்பத்தில் பறக்கட்டும், கயிற்றை மட்டும் நான் பிடிக்கிறேன் என்றேன். வீட்டில் அத்தை கடுமையாக எதிர்த்தார். “அஞ்சு நாள்கூட முழுசா ஆகல. தீட்டோட கொடியத் தொடுவியா? நாலு பேரு என்ன சொல்லுவாங்க?” என்றார். மூன்று நாளாகப் பேசாமல் சுவரோரம் படுத்திருந்த அம்மா எழுந்து உட்கார்ந்தார். “அது சாமிக் கொடி இல்ல அண்ணி. அவரு இருபத்தெட்டு வருஷம் தொட்ட கயிறு. அவன் தொடட்டும்” என்றார்.

பதினைந்தாம் தேதி காலை பூவை உள்ளே வைத்து மடித்து மேலே கட்டிவிடவில்லை. அப்பாவுக்கு அது பிடிக்காது. விரித்த கொடியைக் கீழேயிருந்து, விதியில் சொன்னபடி விரைவாக ஏற்றினேன். கப்பி கிரீச்சிட்டது, எண்ணெய் போடவேண்டும் என்று அவர் ஜூலையிலேயே சொல்லியிருந்தார். உச்சியில் போய் நின்றதும் கயிற்றைக் கொண்டியில் சுற்றிக் கட்டினேன். பாட்டு முடிந்தது. செயலாளர் அப்பாவைப் பற்றி இரண்டு வார்த்தை பேசினார். பிள்ளைகள் மிட்டாய் வாங்கிக்கொண்டு ஓடினார்கள்.

சாயங்காலம் கொடியிறக்க யாரும் கூடுவதில்லை. அது எப்போதும் அப்பா தனியாகச் செய்யும் வேலை. ஏற்றும்போது விரைவு, இறக்கும்போது நிதானம் என்பது விதி. கயிற்றை அவிழ்த்துக் கைமாற்றிக் கைமாற்றி மெதுவாக விட்டேன். எந்தக் கொடியும் கீழே வரும் வழியில் பாதியைக் கடந்துதானே வரவேண்டும்? அந்த இடம் வந்தபோது என் கை தானாகத் தயங்கியது. நிறுத்தவில்லை. கொடி என் தோள்மேல் வந்து விழுந்தது. தரையில் படாமல் சேர்த்துப் பிடித்து, அவர் மடிப்பதுபோலவே மடித்து எடுத்துக்கொண்டு மாடியேறினேன்.