கடைசி இரவுக் கச்சேரி

இலண்டனில் ஆண்டுதோறும் ஜூலை நடுப்பகுதியில் தொடங்கி எட்டு வாரம் நடைபெறும் 'ப்றொம்ஸ்' சங்கீத விழா, செப்டெம்பரில் ஒரு சனிக்கிழமை இரவோடு நிறைவெய்தும். அந்த இறுதி இரவுக்கு நுழைவுச்சீட்டுப் பெறுதல் எளிதன்று. அங்கு பிறந்து வளர்ந்த என் பெறாமகன் குலுக்கலிற் பங்குபற்றி இரண்டு இருக்கைகளைப் பெற்றிருந்தான். விடுமுறையில் அந்நகர் சென்றிருந்த எனக்கும் அதனால் ஓர் இடம் வாய்த்தது.

மேனாட்டுச் சங்கீதத்தை நான் முறையாகக் கற்றவனல்லன். வானொலியிலும் இசைத்தட்டிலும் கேட்டதே என் பயிற்சி. ஆயினும் பெருந்தொகையான வாத்தியக்காரர் ஒருங்கமர்ந்து வாசிப்பதை நேரிற் கேட்டல் வேறோர் அனுபவம். பருத்த மந்தரப் பிடில்கள் முழங்கும்போது அவ்வதிர்வை நாற்காலியின் கைப்பிடியிலே உணர்ந்தேன். தொடக்கத்தில் ஓபோ என்னும் குழல் ஒரு சுரத்தை நிலைநிறுத்த, ஏனையோர் அதற்கிசையத் தத்தம் கருவிகளைச் சுருதி கூட்டினர். ஓபோவும் நமது நாதஸ்வரம்போல இரட்டைச் சீவாளி கொண்டது. கோயில் வீதியிலே ஒத்துக் கேட்டு வளர்ந்த செவிக்கு அந்த ஒலி அந்நியமாகத் தோன்றவில்லை.

இவ்விழாவின் பிறப்பிலும் சுருதிக்கு ஒரு பங்குண்டு. 1895 இல் றொபேட் நியூமன் என்பார் எளிய மக்களுக்கும் உயர்ந்த சங்கீதத்தைப் பழக்க எண்ணியபோது, பொருளுதவி செய்தவர் தொண்டை வைத்தியரான ஜோர்ஜ் காத்காட். இங்கிலாந்தில் அக்காலம் வழங்கிய உச்சச் சுருதி பாடகரின் குரல்வளையைக் கெடுக்கின்றது என்பது அவர் கொள்கை. அதைத் தாழ்த்தினால் மாத்திரமே பணம் தருவேன் என நிபந்தனை விதித்தார். வைத்தியர் ஒருவர் சங்கீத உலகுக்குச் செய்த சிகிச்சையென்றே இதனைச் சொல்லலாம்! கச்சேரிகளை நடத்தும் பொறுப்பு இருபத்தாறு வயதினரான ஹென்றி வுட்டிடம் ஒப்படைக்கப்பட்டது. ஒரு சிலிங் கொடுத்தவர் நின்றபடி கேட்கலாம்.

நின்று கேட்கும் அவ்வழக்கம் இன்றுமுண்டு. றோயல் அல்பேட் மண்டபத்தின் நடுத்தளம், மேடைக்கு மிக அண்மையிலுள்ள இடம், நிற்பவர்களுக்கே உரியது. என் அருகிலிருந்த மூதாட்டியார் நெடுங்காலம் அங்கே நின்று கேட்டவராம். முழங்கால் மறுத்ததால் மேலே ஏறிவிட்டதாகக் கூறி, கீழே நிற்பவர்களை ஏக்கத்தோடு பார்த்தார்.

அந்தத் தளத்தார் ஹென்றி வுட்டின் வெண்கலச் சிலைக்கு மாலை சூட்டியதை நான் மறவேன். வுட் நடத்திய பழைய 'குவீன்ஸ் ஹோல்' 1941 மே மாதத்தில் ஜேர்மனியரின் குண்டுவீச்சில் எரிந்தது. இடிபாட்டிலிருந்து மீட்கப்பட்ட சிலை இது. பருவந்தோறும் இதனை மேடையின் பின்னே, பெரிய ஓர்கன் வாத்தியத்தின் முன் வைக்கின்றனர். மாலையை அணிவித்தபின் ஒருவர் கைக்குட்டையால் அச்சிலையின் நெற்றி வியர்வையைத் துடைத்தார். மண்டபம் சிரித்தது. எனக்கோ, உற்சவமூர்த்திக்கு மாலை சாத்துகையில் சிரிப்பறியாத நமது முகங்கள் நினைவுக்கு வந்தன. சிரிப்போடும் பக்தி செய்யலாம் போலும்.

பிற்பகுதியிலே வுட் 1905 இல், திரபல்கர் கடற்போரின் நூற்றாண்டுக்காகத் தொகுத்த கடற்பாடல்கள் வந்தன. அதில் ஒரு செலோ தனியே புலம்பும் இடமுண்டு. தளத்தார் கைக்குட்டைகளை எடுத்துப் பொய்யாக அழுதனர். ஆனால் அந்நாதம் பொய்யன்று. பல்லாயிரம் பேர் நிறைந்த மண்டபத்தில் வில்லின் உராய்வுகூடக் கேட்டது.

அதனைத் தொடர்ந்து பிரித்தானியா கடலை ஆளும் என்னும் பாடல் எழுந்தது. தோமஸ் ஆர்ண் 1740 இல் மெட்டமைத்தது. எல்லோரும் எழுந்து பாடினர். என் பெறாமகனும் கொடியசைத்துப் பாடினான். நான் எழுந்து நின்றேன், வாய் திறக்கவில்லை.

"சித்தப்பா, நீங்கள் ஏன் பாடவில்லை?"

"ஆளப்பட்டவர்களின் பிள்ளை நான், தம்பி."

அவன் முகம் சற்று வாடிற்று. பின்னர் தளத்தைச் சுட்டி, ஜேர்மன் கொடியும் ஜப்பானியக் கொடியும் அசைவதைக் காட்டினான். "இது இவர்களுக்கு ஒரு விளையாட்டு. இன்றிரவு மட்டும்தான்," என்றான். விளையாட்டென்பதை ஒப்புக்கொள்ளலாம். எனினும் அடிமைத்தளையை மறுத்துப் பாடிய அதே காலத்தில், இந்நாட்டுக் கப்பல்கள் ஆபிரிக்க மக்களை விலங்கிட்டு ஏற்றிச் சென்றன. சரித்திரம் கற்பிக்கும் எனக்கு அது மறக்குமோ? எல்காரின் 1901 ஆம் ஆண்டு அணிநடை இசை வந்தபோது அதன் கம்பீரத்தில் என் கால் தானே தாளமிட்டது. சொற்களை மாத்திரம் அவர்களிடமே விட்டுவிட்டேன்.

முடிவில், பழைய நட்பை நினைந்து பாடும் ஸ்கொத்துலாந்துப் பாட்டுக்கு யாவரும் கைகளைக் குறுக்கிட்டுக் கோத்துக்கொள்ள வேண்டும். ஒரு கையை மூதாட்டியாரும் மறு கையை அவனும் பற்றினர். அதன் மெட்டு எனக்குத் தெரியும், பாடினேன்.

வெளியே குளிர்காற்று வீசிற்று. சுரங்க இரயில் நிலையம்வரை அவன் பேசவில்லை. மெல்ல எதையோ முணுமுணுத்து வந்தான். உற்றுக் கேட்டேன். அந்தச் செலோவின் மெட்டு.